எலிக்குச் சாளை, அப்பாவுக்கு மீல் மேக்கர்

தூத்துக்குடியில் புழுக்கை டாக்டரைப் போல ஒரு பிடிவாதக்காரர் இதுவரை பிறந்ததில்லை. இனிமேல் இன்னொருவர் பிறந்தால் ஊர் தாங்காது.

நான் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் சேர்ந்த புதிதில், மரியக்கா வீட்டு மாடியில் நாலைந்து பிரம்மச்சாரிகள் குடியிருந்தோம். சாப்பாடு கீழே மரியக்கா கையால். எனக்கு அடுத்த அறைக்காரர்தான் புழுக்கை டாக்டர். அப்போது அவர் டாக்டரே இல்லை. ஒரு கல்லூரியில் முப்பது வயது தாண்டியும் ஆராய்ச்சி மாணவர். பட்டத்தை நாங்கள் முன்கூட்டியே கொடுத்துவிட்டோம்.

என்ன ஆராய்ச்சி? எலிகளை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்குப் பால் புரதம், ஒன்றுக்கு சோயா, இன்னொன்றுக்குச் சாளை மீனைக் காயவைத்து எண்ணெய் நீக்கிப் பொடித்த பொடி. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கொலஸ்ட்ரால். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று பார்த்தால் உடம்பு எவ்வளவை உறிஞ்சிக்கொண்டது என்று தெரிந்துவிடும். வெளியே வந்ததைப் பார்க்க வேண்டுமானால் புழுக்கையைப் பொறுக்கியாக வேண்டும். எலி கொஞ்சம் அசந்தால் தன் புழுக்கையைத் தானே தின்றுவிடுமாம். அதனால் கூண்டுக்கு அடியில் வலை போட்டு, விழுவதை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் சேர்ப்பார். முத்துக் குளிக்கப் போனவர்கள்கூட அத்தனை கவனமாகச் சிப்பி பொறுக்கியிருக்க மாட்டார்கள்.

இந்த ஆராய்ச்சியைக் கேள்விப்பட்ட எல்லோரும் அவரிடம் இலவச வைத்தியம் கேட்டார்கள். டீக்கடை அண்ணாச்சி, "எறா திங்கலாமா தம்பி, கொழுப்பு ஏறுமா?" என்பார். இவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க எலியா அண்ணாச்சி?" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அவருடைய அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கிறவர். இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் ஏறியிருந்ததால், வறுத்ததைக் குறைக்கச் சொல்லியிருந்தார் வைத்தியர். மகன் ஒரு படி மேலே போய், ஆராய்ச்சி முடியும்வரை மீனே கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். பெரியவர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே எங்களிடம் வந்து புலம்புவார்.

"எலிக்குச் சாளை. பெத்த அப்பனுக்கு மீல் மேக்கரு. இது எந்த ஊரு நாயம்னு கேளுங்கலே!"

"முடிவு வரட்டும்பா" என்பார் மகன், தலையை நிமிர்த்தாமல்.

வந்தது முடிவல்ல, மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. சந்தையில் மீன் விலையைக் கேட்டால் காது சுட்டது. மரியக்கா சாம்பாரும் அவியலுமாகப் போட்டு, தானும் வாடி எங்களையும் வாட்டினார். அந்த நேரம் பார்த்து, கல்லூரி ஃப்ரீசரில் இடமில்லை என்று டாக்டர் தன் சாளைப் பொடியைக் கொண்டுவந்து மரியக்காவின் ஃப்ரிட்ஜில் வைத்தார். பட்டினி கிடந்த ஊரில் கருவாட்டுப் பொடியை வைத்துவிட்டு, அது எலிக்கு என்று ஒரு வார்த்தை சொல்ல மறந்துவிட்டார்.

அன்று மத்தியானம் சின்ன வெங்காயம், தேங்காய், மிளகாய் வத்தல் போட்டு மரியக்கா அரைத்த சம்பலுக்கு ஈடே கிடையாது. சுடுசோற்றில் பிசைந்து, இலையை வழித்துவிட்டுத்தான் எழுந்தோம். சாயங்காலம் டாக்டர் ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

"அக்கா, இதுல இருந்த பொடி எங்க?"

"சம்பல் வச்சிட்டேன்ல. பொடியில உப்பே இல்ல டாக்டரு, நான்தான் போட்டேன். உமக்கும் ஒரு கரண்டி எடுத்து வச்சிருக்கேன்."

கத்துவார் என்று பயந்தோம். அவரோ எங்களை ஒவ்வொருவராக, கூண்டில் இருக்கிறதைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மாடிக்குப் போய் மூடி போட்ட டப்பாக்களோடு இறங்கி வந்தார்.

"தின்னது தின்னாச்சு. நாளைக்குக் காலைல ஆளுக்கு ஒரு டப்பா."

"நாங்க எலியா?" என்று எல்லோரும் ஒரே குரலில் அலறினோம்.

"எலி எவ்வளவோ தேவல. கேக்காமலே தருது" என்றார்.

அதற்குப் பிறகு படியில் உட்கார்ந்தார். பாதியில் தீவனம் மாறினால் சோதனையே செல்லாது என்று அப்போதுதான் சொன்னார். இத்தனை நாள் பொறுக்கிய புழுக்கை எல்லாம் குப்பைக்கு. மரியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். டாக்டர் எழுந்து சட்டையை மாட்டினார். "அழாதீங்கக்கா. முதல்ல இருந்து செய்யணும். மீனுதான் வேணும்."

தடை விசைப்படகுக்குத்தான், நாட்டு வள்ளம் போகலாம். மறுநாளே பெரியவர் கூடை நிறையச் சாளையோடு வந்து நின்றார். "முதல்ல இருந்தா? அப்ப எனக்கு மறுபடியும் மீல் மேக்கரா?" என்று தெருவே கேட்கத் திட்டினார். திட்டிக்கொண்டே எங்களோடு உட்கார்ந்து செதில் உரசினார். அந்தச் சோதனை முடிகிறவரை மீனைக் கொண்டுவந்து போட்டார். ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கு விளங்கியது.

கடைசியில் முடிவு வந்தது. பால் புரதம் தின்ற எலிகளைவிட, சாளை தின்ற எலிகள் கொலஸ்ட்ராலைக் குறைவாகவே உறிஞ்சியிருந்தன. சோயா தின்றவையும் அப்படித்தான். பெரியவர் அன்றே மரியக்கா வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏலே, எனக்கு மீனு உண்டா, இல்லையா? ஒரே வார்த்த."

"அப்பா, இது எலிக்குத்தான். மனுசனுக்குன்னு இத வச்சு..."

"அப்ப என்னைய எலின்னு வச்சுக்க!"

டாக்டர் மரியக்கா பக்கம் திரும்பினார். "வறுக்காதீங்கக்கா. குழம்பு வைங்க" என்றார்.

மரியக்கா பரிமாறினார். டாக்டர் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, புழுக்கை பொறுக்கிய அதே கவனத்தோடு, சாளையின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, சதையை அவர் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். கடலில் பிழைத்த மனிதருக்கு முள் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டியதில்லை. ஆனாலும் பெரியவர் தானாக ஒரு மீனையும் தொடாமல், மகன் வைக்க வைக்கச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.