தயிர் சாதம் போட்ட ஞாயிறு

பங்குனி மாதம், கடைசி ஞாயிறு, கோயம்புத்தூர். மாவட்ட லீக் கால்பந்துப் போட்டியின் முதல் டிவிஷனில் அந்த ஆண்டின் கடைசி ஆட்டம் மாலையில் நடைபெற்றது. தோற்றால் எங்கள் கிளப் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டிய நிலை. எதிரணி பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. இடைவேளையின்போது எதிரணி ஒரு கோல் முன்னிலை. ஆட்ட முடிவில் எங்கள் கிளப் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. பின்னர் ஆட்டக்காரர்களுக்கும் ஆதரவாளர்களுக்கும் தயிர் சாதம் வழங்கப்பட்டது.

இந்தப் பதிவில் கடைசி வாக்கியத்துக்கு மட்டும் நான் பொறுப்பு.

நான் புள்ளியியல் பேராசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு காரியம் நடக்குமா நடக்காதா என்பதை உணர்ச்சி கலக்காமல் சொல்வதற்காக எனக்கு நெடுங்காலம் சம்பளம் கொடுத்தார்கள். என் மனைவி ராஜாமணி பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள். அந்தக் காரியம் நடந்தே தீரும் என்று பிள்ளைகளை நம்பவைப்பதற்காக அவளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வுக்குப் பிறகு அவள் தன் நம்பிக்கை முழுவதையும் எங்கள் பகுதிக் கால்பந்துக் கிளப்பின் பெயரில் எழுதிவைத்துவிட்டாள். கிளப்போ பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருந்தது.

அந்தக் கிளப்பின் ஆதரவாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெற்றி விருந்தை அவர்கள் ஆட்டத்துக்கு முன்பே சமைத்துவிடுவார்கள். ஞாயிறு மதியம் மைதானத்துக்குப் பின்னால் உள்ள வேப்பமரத்தடியில் கோட்டைமேட்டு காதர் பாய் விறகடுப்பு மூட்டி, பெரிய அண்டாவில் பிரியாணிக்குத் தம் போட்டுவிடுவார். மூடியைத் திறப்பது ஆட்டம் முடிந்த பிறகுதான். வென்றால் அதற்கு ஜெயிச்ச பிரியாணி என்று பெயர். தோற்றாலும் அதையேதான் சாப்பிடுவார்கள். அப்போது அது அடுத்த வாரத்து வெற்றிக்கான அட்வான்ஸ். (ஒரு முழு சீசனுக்கு அட்வான்ஸ் மட்டுமே சாப்பிட்ட வரலாறும் உண்டு.) போன வாரத்துத் தோல்வியை அவர்கள் இந்த வாரத்துக்குள் கொண்டுவருவதே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவர்களுக்குப் புதிதாக வடித்த சோறு.

அவர்கள் கோபப்படும் விதமும் தனி. ரெஃப்ரி தவறான முடிவு கொடுத்தால் மற்ற ஊர்களில் அவருடைய பரம்பரையை இழுப்பார்களாம். எங்கள் கேலரியில் லேத் பட்டறை சண்முகம் எழுந்து நின்று, “ஏனுங்க ரெஃப்ரி, உங்க கண்ணாடிய ஊட்ல வெச்சுப்போட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க” என்பார். அதைவிடக் கடுமையான சொல்லை நான் அங்கே கேட்டதில்லை.

விருந்தின் பொறுப்பு ராஜாமணியுடையது. அந்தக் கடைசி ஆட்டத்துக்கு முன்பு, தாராபுரத்தில் அவளுடைய அக்கா வீட்டு விசேஷம் ஒன்று குறுக்கே வந்தது. ஞாயிறு மாலை பஸ் இறங்கி நேராக மைதானத்துக்கு வருவதாக ஏற்பாடு. புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: “பாய்கிட்ட அண்டா போடச் சொல்லிப்போட்டு வாங்க. அவ்வளவுதானுங்க வேலை.”

அவ்வளவுதான் வேலை. படிக்காத ஒருவனிடம் கொடுத்திருந்தால் சரியாக முடிந்திருக்கும்.

சனிக்கிழமை காலை நான் உட்கார்ந்து யோசித்தேன். கிளப்பின் ஆட்ட முடிவுகள் அனைத்தையும் வரிசைப்படுத்தி, எதிரணியின் பலத்தையும் சேர்த்து, வெற்றியின் நிகழ்தகவைக் கணக்கிட்டேன். விடை சொல்லிக்கொள்ளும்படியாக இல்லை. டிவிஷன் இறங்கிய துயரத்தில் இருப்பவர்களின் முன்னால் ஒரு பெரிய பிரியாணி அண்டாவைத் திறப்பது பண்பாகுமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆகாது என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். துயரத்துக்கு உகந்த, வயிற்றுக்கு இதமான, அடக்கமான உணவு ஒன்று வேண்டும். கோட்டைமேட்டுக்குப் போய் காதர் பாயிடம் தயிர் சாதம் என்றேன்.

பாய் கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். “யாராச்சும் தவறிப் போயிட்டாங்களா சார்?”

“இன்னும் இல்லை. நாளை மாலைதான்” என்றேன். நகைச்சுவையாகச் சொன்னதாக எனக்கு நினைப்பு.

“டீச்சரம்மாவுக்குத் தெரியுமுங்களா?”

நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவர் வெங்காயத்தை மறுபடியும் எடுத்துக்கொண்டு, மாதுளை முத்துக்களாவது தூவட்டுமா என்று கேட்டார். வேண்டாம், ஆடம்பரமாகத் தெரியும் என்று மறுத்துவிட்டேன். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரு சமூகத்தின் மனநலத்தைக் காப்பாற்றிவிட்ட நிறைவு எனக்கு இருந்தது.

ஞாயிறு ஆட்டத்தில் எதிரணி முதல் கோலை அடித்தபோது கேலரி அமைதியானது. நான் மட்டும் மனத்துக்குள் தலையசைத்துக்கொண்டேன். இடைவேளையில் ராஜாமணி வந்து சேர்ந்தாள். மஞ்சள் நிறக் கிளப் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தாள். கழுத்தில் பள்ளிக்கால விசில். கையில் விசேஷ வீட்டுத் தாம்பூலப் பை. என் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி ஸ்கோரைப் பற்றியது அல்ல.

“அண்டா போட்டாச்சுங்களா?”

“போட்டாயிற்று” என்றேன். அண்டாவைப் பொறுத்தவரை அது உண்மை.

அடுத்து நடந்ததை எந்தச் சூத்திரத்தாலும் விளக்க இயலாது. எங்கள் கார்னர் உதை ஒன்று எதிரணிக்காரர் ஒருவரின் முதுகில் பட்டு, அவர் எந்தப் பக்கம் திரும்புவதென்று தீர்மானிப்பதற்குள் கோலுக்குள் போய்விட்டது. கேலரி முழுவதும் எழுந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில், அந்த ஆண்டு முழுக்கக் கோல் கம்பத்தைத் தவிர வேறெதையும் குறிதவறாமல் அடித்திராத எங்கள் முன்கள வீரர், பந்தைக் கம்பத்துக்குச் சற்று உள்ளே அடித்துவிட்டார். ராஜாமணி விசிலை ஊதினாள். ஆட்டம் முடிந்துவிட்டதோ என்று ரெஃப்ரியே தன் கடிகாரத்தைப் பார்த்தார். சண்முகம் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அவர் தோளுக்கு மேலாக எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: வேப்பமரத்தடியில் மூடியிருந்த அண்டா.

மக்கள் வரிசையில் நின்றார்கள். முதல் தட்டு வெற்றிக் கோல் அடித்தவருக்கு. பாய் மூடியின் மேல் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தின் உச்சியைப் பார்த்தேன். அவர் திறந்தார்.

வெள்ளை வெளேரென்று, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, நிறைய அன்போடு செய்யப்பட்ட தயிர் சாதம். வெற்றி பெற்ற கூட்டம் ஒன்று அவ்வளவு நிசப்தமாக நிற்பதை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை.

சண்முகம் மெல்லக் கேட்டார்: “பாய், நாம ஜெயிச்சுத்தானுங்களே போட்டோம்?”

பாய் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானே முன்னால் வந்து, நிகழ்தகவு என்ற சொல்லில் தொடங்கி ஒரு விளக்கம் அளித்தேன். வகுப்பறையில் நன்றாக எடுபட்டிருக்கும்.

ராஜாமணி முழுவதையும் கேட்டாள். பிறகு, “நாம ஜெயிக்க மாட்டோம்னு நெனச்சீங்களா?” என்றாள்.

“கணக்குப்படி வாய்ப்பு...”

“கணக்கக் கேக்கலீங்க. நெனச்சீங்களான்னு கேட்டேன்.”

அவள் கண்ணில் இருந்தது கோபமாக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். தன்னோடு அத்தனை ஞாயிறுகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், உண்மையில் பக்கத்தில் இருக்கவே இல்லையோ என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு தாம்பூலப் பையை என் கையில் திணித்து, கரண்டியை எடுத்து, கோல் அடித்தவர் தட்டில் தயிர் சாதத்தை மலையாகக் குவித்தாள்.

“சாப்புடு கண்ணு. நீ அடிச்ச கோலுக்கு எதப் போட்டாலும் ருசிக்கும். பாய், அடுத்த சீசன் மொத ஆட்டத்துக்கு ரெண்டு அண்டா போட்டுருங்க. இன்னிக்குப் பாக்கியும் சேத்தி.”

கூட்டம் சிரித்தது. ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. (திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.) எல்லோரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள், வெயிலுக்குக் குளுகுளுவென்று இருக்கிறதுங்க என்று என் காதுபடச் சொன்னார்கள். தோற்கும் கிளப்பிடமே இவ்வளவு எதிர்பார்க்கத் தெரிந்தவர்கள், என்னிடமும் ஏதோ எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எங்களோடு மறுபடியும் உட்காருவீர்கள்தானே என்பதுதான் அது. உட்கார்ந்தேன். பெயர் மட்டும் தயிர் சாத புரொபசர் என்று நிலைத்துவிட்டது.

வீட்டிலும் அது ஒரு சொல்வழக்கானது. மகளின் வேலைக்கான தேர்வோ, மழையோ, மாப்பிள்ளையின் சமையலோ, எதைப் பற்றி நான் ஐயம் தெரிவித்தாலும், “அப்பா தயிர் சாதம் போட்டுட்டாரு” என்பார்கள்.

கடைசியாக அதைச் சொன்னவள் ராஜாமணி. மருத்துவமனையில் டாக்டர் என்னைத் தனியே அழைத்து ஏதோ சதவீதம் சொல்லத் தொடங்கியபோது, கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுத்தாள்: “டாக்டருங்க, அவர்கிட்ட நம்பர் சொல்லாதீங்க. தயிர் சாதம் போட்டுருவாரு.” டாக்டருக்கு விளங்கவில்லை. நாங்கள் இருவரும் சிரித்தோம். டாக்டர் சொன்ன எண் சரியாகவே இருந்தது. ஆனால் அந்த வாரங்கள் முழுவதும் நான் அந்த எண்ணை நம்பவில்லை, அவளைத்தான் நம்பினேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

அவளுடைய காரியம் முடிந்த மறுவாரம் சண்முகமும் பாயும் வீட்டுக்கு வந்தார்கள். இனி அண்டாப் பொறுப்பை நான்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். நானா என்று கேட்டேன்.

“ஆமாங்க சார்” என்றார் சண்முகம். “இனி நீங்க தயிர் சாதம் போட மாட்டீங்கன்னு டீச்சரம்மா சொல்லிப்போட்டுத்தானுங்க போனாங்க.”

இன்னும் முடிக்காத வேலைகள்:

ராஜாமணியின் விசிலைச் சண்முகத்திடம் கொடுப்பது. (கேட்டுவிட்டார். பார்க்கலாம்.)

கேலரியில் அவள் உட்காரும் திண்டுக்குப் புது உறை.

மஞ்சள் சட்டையைத் துவைப்பது. அவசரமில்லை.

சனிக்கிழமை கோட்டைமேட்டுக்குப் போய்ப் பாயிடம் சொல்வது: பிரியாணி, முழு அண்டா. எதிரணி பட்டியலில் முதலிடம்.