வராத பூநாரைகளும் மாப்பிள்ளைக்கு வந்த மெமோவும்

மரியாதைக்குரிய சம்பந்தி நல்லகண்ணு அவர்களுக்கு,

கூடலூர் சுருளியாண்டி கைகூப்பி எழுதுவது. கடமலைக்குண்டில் தாங்களும் சம்பந்தியம்மாவும், புதிதாக ஈன்ற பசுவும் கன்றும் சகல சௌக்கியமாக இருக்க வீரபாண்டி கௌமாரியம்மன் துணையிருப்பாள். இங்கே என் மகள் யுவராணி நலம். தங்கள் மகன் வேல்பாண்டியும் உடம்பளவில் நலம். மனசளவில் நலமில்லை. அதற்குக் காரணம் நான்தான். போனில் சொல்லலாம் என்றால், இந்த வனத்துறைக் குடியிருப்பில் ஒரு அறையில் தும்மினால் அடுத்த அறையில் 'நூறு' என்கிறார்கள். ஆகவே கடிதம்.

மாப்பிள்ளை இந்தக் கடற்கரைப் பறவைகள் சரணாலயத்தில் வனக்காவலராக இருப்பது தாங்கள் அறிந்ததே. பொங்கல் முடிந்ததும் பெண்ணைப் பார்க்க வந்தேன். வந்த மறுநாள் பகலில் மாப்பிள்ளை டியூட்டிக்குப் போய்விட்டார். நான் காலாறக் கரைப்பக்கம் நடந்தேன். கடலை ரசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன், என் கண் போனது முள்செடிகள் மேல்தான். செடிக்குச் செடி பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொண்டு படபடவென்று ஆடுகிறது. கீழே தண்ணீர் பாட்டில், தெர்மாகோல், அறுந்த வலை, ஒற்றைச் செருப்பு. கொஞ்சம் தள்ளி மீனவப் பெண்கள் கருவாடு காயப்போட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் ஆழமில்லாத தண்ணீரில் ஒற்றைக் காலில் நிற்கிறது ஒரு பெருங்கூட்டம், எல்லாம் பூநாரை. சம்பந்தி, முப்பது வருஷமாகத் திராட்சைப் பந்தலில் கிளியோடும் மைனாவோடும் மல்லுக்கட்டியவன் நான். படபடக்கும் கவரைப் பார்த்தால் எனக்கு வேறென்ன தோன்றும்? கருவாட்டைக் காப்பாற்ற அரசாங்கம் பறவை விரட்டக் கட்டியிருக்கிறது என்றுதான் தோன்றியது. ஆனால் கட்டிய லட்சணத்தைப் பார்த்தேன். வரிசை இல்லை, இடைவெளி இல்லை, ஒரு செடியில் நாலு, அடுத்த செடியில் ஒன்றுமில்லை. மாப்பிள்ளையின் ஏரியாவிலா இப்படி என்று வயிறு எரிந்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். அறுந்த வலையில் கயிறு உருவினேன். சவுக்குக் கம்பு ஊன்றினேன். கவரையெல்லாம் கோத்து, நடுநடுவே பாட்டிலையும், யாரோ பிறந்தநாள் கொண்டாடிப் போட்டுவிட்டுப் போன மினுக்கு ரிப்பனையும் தொங்கவிட்டேன். பொழுது சாய்வதற்குள் கூடலூர்ப் பந்தலே தோற்கும்படி ஒரு வேலை. காற்று ஒரு வீசு வீசியதுதான் தாமதம், அத்தனை பூநாரையும் ஒரே மூச்சில் எழும்பி, வானத்தை இளஞ்சிவப்பாக்கிவிட்டுப் போயே போய்விட்டது. கருவாடு போட்ட ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெச்சுகிறாள் என்று நினைத்து ஒரு கும்பிடு போட்டேன்.

மறுநாள் காலை பறவைக் கணக்கெடுப்பு என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. பெரிய ஆபீசர் வந்தார், காலேஜ் பிள்ளைகள் கழுத்தில் பைனாகுலரோடு வந்தார்கள். ஒரு காக்கை வந்தது. வேறு எதுவும் வரவில்லை. மூன்று நாளில் விளக்கம் கொடு என்று மாப்பிள்ளைக்கு மெமோ.

மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி மாப்பிள்ளை சொன்னார்: "எவனோ குப்பையப் பூரா கோத்து தோரணம் கட்டிவிட்டுருக்கான் மாமா. எங்கிட்டோ குளிர் நாட்டுல இருந்து பறந்து வர்ற சீவனும் அந்தப் பறவைக் கூட்டத்துல இருக்கு. இங்கன எறங்கக்கூட எடமில்ல."

"குப்பையா? கவருமெண்டு கட்டுனது இல்லையா?" என்று கேட்டேன்.

யுவராணி சிரித்துவிட்டாள். "கவருமெண்டு எதுக்குப்பா கட்டுது? சுத்திப் பாக்க வந்தவுக போட்டது பாதி, கடல் ஒதுக்குனது மீதி. போன மாசம் செத்துக் கெடந்த ஒரு பறவை வயித்துல பாட்டில் மூடியா இருந்துச்சாம். இவுக அன்னைக்குச் சோறே திங்கல."

எனக்கும் அன்று சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருந்ததா? "அவன் கை விளங்காமப் போக!" என்று ஒரு சாபம் விட்டேன். அன்றிலிருந்து எனக்கு வலது தோள்பட்டையில் குடைச்சல். போதாக்குறைக்கு, குற்றவாளியைத் தேட மாப்பிள்ளை என்னையே துணைக்கு அழைத்துப் போகிறார். என் கால் தடத்தை நானே குனிந்து பார்த்து, "பெரிய காலா இருக்கே மாப்ள" என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

ஆகவே தாங்கள் ஒரு உபகாரம் செய்ய வேண்டும். தங்களுக்கு உடம்பு சரியில்லை, நான் உடனே வர வேண்டும் என்று போன் செய்யுங்கள். நெஞ்சுவலி வேண்டாம், மாப்பிள்ளையும் கிளம்பிவிடுவார். முழங்கால் வலி போதும். நான் ஊர் வந்து சேர்ந்த பிறகு தாங்களே பக்குவமாக விஷயத்தை எடுத்துச் சொல்லுங்கள். பெற்ற தகப்பன் சொன்னால் கோபம் பாதியாகும்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். கன்றுக்குட்டிக்கு என் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
சுருளியாண்டி

பின்குறிப்பு: நாலு நாளைக்கு முன்பு, இந்தக் கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் மாப்பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை, உளறிவிட்டேன். "தெரியும் மாமா. கடக்கரையில பந்தல் போடத் தெரிஞ்சவுக வேற யாரு இருக்காக?" என்றார். அதற்கு முந்தின நாளே மெமோவுக்குப் பதில் கொடுத்துவிட்டாராம். என்ன எழுதினீர்கள் என்றேன். "நாந்தான் கட்டுனேன்னு" என்றார். சம்பந்தி, எனக்கு அழுகை வந்துவிட்டது. நேரே ஆபீசரிடம் போய், கட்டியது நான் என்றேன். "நேத்து ஒருத்தர் ஒத்துக்கிட்டாரு, இன்னிக்கு நீங்களா? ரெண்டு பேருமாச் சேந்து கரையைச் சுத்தம் பண்ணுங்க, மெமோவை நான் பாத்துக்குறேன்" என்று சிரித்தார். ஆகவே தங்களுக்கு எந்த வலியும் வர வேண்டாம்; வந்தாலும் நான் வருவதற்கில்லை. நாலு நாளாக அள்ளுகிறோம், இன்னும் பாதிகூட ஆகவில்லை. இன்று காலை, சுத்தம் செய்த இடத்தில் ஏழு பூநாரை இறங்கியது. என்னையறியாமல் 'ஓ' என்று விரட்ட வாயைத் திறந்துவிட்டேன். மாப்பிள்ளை பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். மாமனார் வாயைப் பொத்துவதா என்று அவரைத் தாங்கள் கோபிக்க வேண்டாம். அந்த ஏழும் மேய்ந்து முடிக்கும்வரை நானும் அவர் கையை எடுக்கவில்லை.