நேரடி ஒளிபரப்பில் சேனாபதி ஷோ

தொண்ணூற்று நாலாம் வருஷம் நான் ஒரு சபதம் எடுத்தேன். இந்த ஜென்மம் முடிவதற்குள் ஒரே ஒரு ஜோக்கையாவது நானே ஆரம்பித்து நானே முடிக்க வேண்டும்.

இதெல்லாம் ஒரு சபதமா என்று கேட்பீர்கள். நீங்கள் விசாலாக்ஷியைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டிருக்கிறேன். என் பெயர் சேனாபதி. பெயரைப் பார்த்துப் பின்னால் பெரிய படை நிற்கும் என்று எண்ண வேண்டாம். எனக்கும் சேனைக்கும் உள்ள சம்பந்தம் வறுவலோடு சரி. மிச்சம் இருப்பது பதி மட்டும்தான்.

சபதத்துக்குக் காரணம், நாங்கள் குடியிருக்கும் அமெரிக்க ஊரான பிஸ்கட்டவேயில் நடந்த ஒரு பாட்லக், அதாவது ஆளுக்கொன்று சமைத்து எடுத்துவரும் விருந்து. தட்டும் கையுமாக நிறைய பேர் நின்றார்கள். நல்ல கூட்டம். நான் தொண்டையைக் கனைத்தேன்.

"ஊர்ல அட்டைன்னா தானா வந்து ஒட்டிக்கிட்டு நம்ம ரத்தத்தை உறிஞ்சும். ஆனா இந்த ஊர்ல ஒரு பச்சை அட்டை இருக்கே, கிரீன் கார்டு, அது என்ன பண்ணும்னா..."

இங்கே நிறுத்தினேன். நிறுத்துவதில்தான் ஜோக்கின் உயிர் இருக்கிறது. அந்த உயிரை விசாலம் எடுத்தாள்.

"அது நம்ம கிட்ட ஒட்டணும்னா நாமளே போய் மெடிக்கல் டெஸ்ட்டுக்கு லேப்ல ரத்தம் குடுக்கணும். அதானே? சாம்பார் ஆறுது, எல்லாரும் வாங்க."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளைப் பார்த்து.

அந்த வாரக் கடைசியில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். கேபிளில் பழைய அமெரிக்க வெரைட்டி ஷோக்களை மறுபடி போடுவார்கள். எனக்கு அவை உயிர். திரை விலகும். கோட் போட்ட ஒருவர் தனியாக நடந்து வருவார். ஒரு வரி சொல்வார். அரங்கம் அதிரும். அப்புறம் நீள கவுன் போட்ட பாட்டுக்காரி வருவாள். ஒரு கோமாளி வந்து கால் தடுக்கி விழுவான். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். கோட்டுக்காரர் நிற்பார். முக்கியமான விஷயம், அவர் மனைவி மேடையில் இருக்க மாட்டாள்.

அப்போதுதான் உதித்தது. எங்கள் ஊர் கேபிள் நிலையத்தில் உள்ளூர்க்காரர்களுக்கு அரை மணி நேரம் சும்மாவே கொடுப்பார்கள். மீன் பிடிப்பது எப்படி, தோட்டம் போடுவது எப்படி என்று யார் யாரோ வந்து பேசுவார்கள். சேனாபதி பேசினால் ஆகாதா?

ஆகும். சேனாபதி ஷோ. தமிழில். நேரடி ஒளிபரப்பு. விசாலத்துக்குத் தெரியாமல்.

மியூசிக்கல் கெஸ்ட், அனந்தலக்ஷ்மி ஆன்ட்டி. பேஸ்மென்ட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டு கற்றுக்கொடுப்பவர். காமெடி கெஸ்ட், என் ஆபீஸ் பிச்சுமணி. ஏர்போர்ட் அறிவிப்பு, பிரஷர் குக்கர், குளிரில் ஸ்டார்ட் ஆகாத கார் எல்லாவற்றையும் வாயாலேயே செய்வான்.

"ஆன்ட்டி, விசாலத்துக்கு மட்டும் தெரியக் கூடாது. சர்ப்ரைஸ்," என்றேன் போனில்.

"நான் ஏம்ப்பா சொல்லப் போறேன்?" என்றார் ஆன்ட்டி.

நிலையத்துக்குப் போன் செய்தேன். ஒரு அம்மாள் எடுத்தாள். கேமராக்களையும் ஒலியையும் கவனித்துக்கொள்ள ஒரு தயாரிப்பாளர் வேண்டும், அதற்கு இரண்டு நாள் மாலை வகுப்பு இருக்கிறது, வருகிறாயா என்றாள். வயர் பிடிக்கிற வேலைக்கு நட்சத்திரம் போகலாமா? முடியாது என்றேன். பரவாயில்லை, வகுப்பு முடித்த வாலன்டியர் யாரையாவது போடுகிறோம் என்றாள்.

அன்று சாயந்திரம் விசாலம் கைப்பையை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, ஒரு கிளாஸ்ல சேர்ந்திருக்கேன். போய்ட்டு வரட்டுமா?"

"தாராளமா போ. மெதுவா வா. நாளைக்கும் போ."

என்ன கிளாஸ் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை கோட் போட்டுக்கொண்டேன்.

"சனிக்கிழமைல என்ன ஆபீஸு? அதுவும் கோட்டு?"

"புது சாஃப்ட்வேர் ரிலீஸ். பெரிய கிளையன்ட்."

"பாவம். நல்லா பேசுங்க," என்றாள். கண் கலங்கிவிட்டது. எனக்கு.

ஸ்டூடியோவில் ஆன்ட்டியின் சிஷ்யப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் நிறைந்திருந்தார்கள். நிலையத்து அம்மாள் என் காதில் பொத்தான் மாதிரி ஒன்றைச் சொருகினாள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து தயாரிப்பாளர் இதன் வழியாகத்தான் பேசுவாராம். விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. திரை விலகியது. நான் நடந்தேன். கைதட்டல்! வாயைத் திறந்தேன்.

காதுக்குள் ஒரு குரல். "ஏங்க, டை கோணலா இருக்கு."

வாய் திறந்தது திறந்தபடி நின்றது. கை மட்டும் டைக்குப் போனது.

"அந்தப் பக்கம் இல்லைங்க. இந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?" என்றேன். வாய்விட்டு. ஊர் முழுக்கக் கேட்க.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர்களுக்கு என் குரல் மட்டும்தான் கேட்கும்.

"விசாலம், நீ எங்க இங்க?"

"கண்ணாடி ரூம்ல. கேமராவைப் பாருங்க. என்னைத் தேடாதீங்க."

"சரிம்மா," என்றேன். மறுபடி சிரிப்பு. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் சேனாபதி பின்வாங்குகிறவன் இல்லை. சபதம் சபதம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். "ஊர்ல அட்டைன்னா தானா வந்து ஒட்டிக்கிட்டு நம்ம ரத்தத்தை உறிஞ்சும். ஆனா இந்த ஊர்ல ஒரு பச்சை அட்டை..."

"லேப்ல ரத்தம் குடுக்கணும். அது வேண்டாங்க, எல்லாரும் கேட்டது."

"அதை நீ சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று நான் கத்தியதில் அரங்கமே அதிர்ந்தது. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய சிரிப்பு. எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை.

பிச்சுமணி வந்தான். குக்கர் விசில் அடித்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் என் காதையே பார்த்தார்கள். அடுத்து ஆன்ட்டி ராகம் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை.

"ஏங்க, அவங்களை நிறுத்துங்க. நேரம் ஓடுது."

"நான் எப்படி நிறுத்தறது?" என்று முணுமுணுத்தேன்.

"அவங்க மூச்சு வாங்கறப்ப கை தட்டுங்க. எல்லாரும் தட்டுவாங்க."

தட்டினேன். தட்டினார்கள். ஆன்ட்டி பாட்டு முடிந்துவிட்டது என்று தானே நம்பி, எழுந்து வணங்கிவிட்டுப் போனார்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அந்தக் கணத்தில் அவள் கெட்டிக்காரத்தனம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதுவே ரோஷத்தையும் கிளப்பியது. இது யாருடைய ஷோ? கடைசிச் சில நிமிஷங்களாவது என்னுடையதாக இருக்கட்டும். காதிலிருந்த பொத்தானைப் பிடுங்கினேன். எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டிவிட்டுக் கோட்டுப் பையில் போட்டேன்.

"இப்ப நான் பேசறேன்," என்றேன்.

அமைதி. நல்ல அமைதி. பேச வேண்டிய அமைதி. மண்டைக்குள் தேடினேன். அட்டை ஜோக்கைத் தவிர அங்கே ஒன்றுமே இல்லை. சிவப்பு விளக்கு என்னையே முறைத்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை, "இஸ் ஹி ஓகே?" என்று அம்மாவைக் கேட்டது.  கண்ணாடி அறையைப் பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது, பார்க்கச் சகிக்கவில்லை.

மெல்லப் பையில் கைவிட்டேன். பொத்தானைத் துடைத்தேன். காதில் வைத்தேன்.

"விசாலம்... இருக்கியா?"

நம்ப மாட்டீர்கள், எழுந்து நின்று தட்டினார்கள். ஆண்கள் எல்லோரும் முதலில் எழுந்தார்கள்.

"இருக்கேங்க," என்றது காது. "பயப்படாதீங்க. கும்பிட்டு, சிரிச்சு, 'வணக்கம், மறுபடி சந்திப்போம்'னு சொல்லுங்க. வேற எதுவும் சொல்லாதீங்க."

வேறு எதுவும் சொல்லவில்லை.

திரும்பும்போது காரை அவள்தான் ஓட்டினாள். 

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"டிவிக்கு எந்தக் கலர் புடவை எடுக்கும்னு ஆன்ட்டி எனக்குத்தானே போன் பண்ணினாங்க. நீங்க போனை வச்ச கையோட."

"சொல்ல மாட்டேன்னாங்களே!"

"சொல்லலியே. கேட்டாங்க."

"அப்ப ஏன் என்கிட்ட நீ ஒண்ணுமே கேக்கலை?"

"ஆசைப்பட்டுப் பண்றீங்க, கெடுப்பானேன்? தனியா விட்டா தடுமாறுவீங்கன்னு தெரியும். அதான் கிளாஸுக்குப் போனேன்."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.  

வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. நிலையத்து அம்மாள். நான் பாய்ந்து எடுத்தேன். "சேனாபதி ஸ்பீக்கிங்!"

தயாரிப்பாளரிடம் கொடுக்கச் சொன்னாள்.

விசாலம் வெகுநேரம் இங்கிலீஷில் பேசினாள். நடுநடுவே சிரித்தாள். நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் சோபா ஓரத்தில் காத்திருந்தேன். ஒருவழியாகப் போனை வைத்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஏகப்பட்ட பேர் போன் பண்ணினாங்களாம். தமிழ் தெரியாதவங்ககூட."

"தமிழ் தெரியாம எப்படிப் புரிஞ்சுதாம்?"

"பொண்டாட்டிக்குப் பயப்படறதுக்குப் பாஷை எதுக்குங்க? வாரா வாரம் ஷோ வேணுமாம்."

நான் எழுந்து நின்றேன். டையை இழுத்து நேராக்கினேன். "பார்த்தியா! ஜெயிச்சது யாரு?"

"ஆனா இனிமே 'விசாலாக்ஷி ஷோ'ன்னு பேர் வைக்கலாம்னாங்க. சரின்னுட்டேன்."

"அப்ப நான்?"

"நீங்க இல்லாமயா? நீங்கதான் நிரந்தர கெஸ்ட். மியூசிக்கல் கெஸ்டா, காமெடி கெஸ்டான்னு கேட்டாங்க. 'அவருக்குப் பாட வராது'ன்னு சொன்னேன்."