பாட்டு மட்டும் நிற்கவில்லை

வாய்க்கால் பாலத்தின் உச்சிக்குப் பத்தடி இருக்கும்போது கார் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. இஞ்சின் ஓய்ந்துவிட்டது. பாட்டு ஓயவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். நியாயமாக அவர் பதறியிருக்க வேண்டும். ஐந்து மணிக்குக் காரை வாங்க ஒருவர் வீட்டுக்கு வருகிறார். இப்போதே மணி நாலரை. ஆனால் பாட்டில் பெண் குரல் அடங்கி, வயலின்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துகொண்டிருந்தன. கீழே வாய்க்கால் தண்ணீரில் மேகம் ஒன்று நகராமல் கிடந்தது. இந்த இடம் முடியட்டும் என்று இருந்துவிட்டார்.

இருபத்திரண்டு வருடத்து வண்டி. அதை விற்பதா வேண்டாமா என்பதில் அவருக்கும் மனைவிக்கும் பதினோரு நாளாகச் சரியான பேச்சு இல்லை. தண்ணீர் வருகிறதா, கதவைப் பூட்டியாயிற்றா என்பதோடு சரி. கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். இன்று காலையில், "மத்தியானம் உங்க கடைக்கு ஆள் அனுப்பறேன். வண்டியைக் கழுவித் துடைச்சு வைப்பான். வர்றவர் முன்னால மானம் போகக் கூடாது," என்றாள்.

ஆள் நன்றாகவே வேலை செய்திருந்தான். நாலு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு, தெருக் கடைக்காரர்கள் எல்லாரும் வண்டி நிறுத்தும் பின்பக்கம் வந்தவர் அசந்துபோனார். வெள்ளை வண்டி, பல வருடம் கழித்து வெள்ளையாக நின்றது. சாவி கொஞ்சம் முரண்டு பிடித்தது. பழைய சாவி அப்படித்தான். உள்ளே சோப்பு வாசனை. இருக்கைக்குப் புது உறை. இதெல்லாம் போகட்டும், இரண்டு வருடமாக ஊமையாகக் கிடந்த பாட்டுப் பெட்டி, வண்டியைக் கிளப்பியதும் பாட ஆரம்பித்தது.

விற்கப்போகிற வண்டிக்கு யாராவது பாட்டுப் பெட்டியைச் சரிசெய்வார்களா? பாலம் வரும்வரை அவர் இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தார். அதுவும் எப்பேர்ப்பட்ட பாட்டுகள். கல்யாணமான புதிதில், ஒற்றை அறைக் குடித்தனத்தில், ஜன்னல் மேல் வைத்திருந்த ரேடியோவில் கேட்டவை. அவருக்குப் பாட்டின் நடுவே வரும் வாத்தியம்தான் உயிர், அவளுக்கு வரிகள். வரி வரும்போது அவர் பேசுவார், வாத்தியம் வரும்போது அவள் பேசுவாள். அந்த வகையில் ஒரு பாட்டையும் இருவரும் சேர்ந்து முழுதாகக் கேட்டதில்லை.

அவளுக்கு விற்க மனசில்லை, அதுதான் விஷயம் என்று அவருக்குத் தோன்றியது. வாயால் சொல்ல வராமல் பாட்டால் சொல்லியிருக்கிறாள்.

இந்த நினைப்பிலேயே இறங்கி, முன்மூடியைத் திறந்து, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினார். உள்ளிருந்து புஸ்ஸென்று கிளம்பிய ஆவி, துரு நிறத்தில் அவருடைய சட்டையில் ஒரு தேசப்படம் வரைந்தது.

அந்த வழியாக வந்த பெயின்டர்கள் இரண்டு பேர் ஏணியைச் சாய்த்துவைத்துவிட்டு உதவிக்கு வந்தார்கள். "ஏறி உக்காருங்க சார், ஒரு தள்ளு தள்ளினா எடுத்துக்கும்."

தள்ளினார்கள். உச்சியைத் தாண்டியதும் வண்டி அவர்களை விட்டுவிட்டுத் தானாகவே இறங்கியது. இஞ்சின் எடுக்கவில்லை. வண்டி சரிவில் ஓடி, சாலையை விட்டு விலகி, கரையோரச் சேற்றில் முன்சக்கரத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. அதற்குள் அடுத்த பாட்டு ஆரம்பித்திருந்தது.

பெயின்டர்களை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனமில்லை. முன்பெட்டியைத் திறந்தால் ஒரு பிஸ்கட் பொட்டலம். "வீட்ல வச்சிருக்காங்க, எடுத்துக்குங்க," என்று பெருமையாக நீட்டினார்.

அடுத்து வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மாலை நடைக்கு வந்தவருக்கு, கேட்காமலே ஒரு வேலை கிடைத்துவிட்டது. "இது கரண்ட் கோளாறு. முப்பது வருஷ அனுபவம், நீங்க நகருங்க," என்று ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு ஒரு ஒயரைப் பிடுங்கினார். ஹாரன் அலற ஆரம்பித்தது.

"இதை எதிர்பார்த்தேன்," என்று இன்னொன்றைப் பிடுங்கினார். ஹாரன் நின்றது. வைப்பர் ஓடியது. மூன்றாவதைப் பிடுங்கியதும் வைப்பர் நின்று, நாலு ஜன்னல் கண்ணாடியும் ஒரே நேரத்தில் உள்ளே இறங்கின. இறங்கினவை ஏறவில்லை. வெளியே வர டிரைவர் கதவை ஓங்கித் தள்ளியதில் கைப்பிடி கழன்று அவர் கையோடு வந்தது. அதைப் பத்திரமாக இருக்கையில் வைத்துவிட்டு, "நல்ல மெக்கானிக்கா பாருங்க," என்று நடையைக் கட்டினார்.

இத்தனை ஒயரைப் பிடுங்கியும் பாட்டு மட்டும் நிற்கவில்லை. கண்ணாடி இறங்கியதில் காற்று வேறு வந்தது. கடைக்காரர் மெக்கானிக்குக்குப் போனில் சொல்லிவிட்டு, மனைவியைக் கூப்பிட்டார்.

"வண்டி நின்னுடுச்சு. பாலத்துக்கு இந்தப் பக்கம்."

"வேணும்னே நிறுத்தினீங்களா?"

"சத்தியமா இல்ல." கொஞ்சம் தயங்கினார். "பாட்டு ஓடுதே. நல்லா இருக்கு."

"என்ன பாட்டு?"

சொல்லத் தெரியாமல் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்தார். மறுமுனையில் அவள் ஒரு சரணத்தை முழுதாகக் கேட்டாள். பிறகு, "அங்கேயே இருங்க, வர்றேன்," என்று வைத்துவிட்டாள்.

அரைமணியில் வந்து இறங்கினாள். சேற்றில் நின்ற வண்டியை ஒரு சுற்று பார்த்தாள். அவருடைய சட்டையைப் பார்த்தாள். திட்டு விழும் என்று கடைக்காரர் காத்திருந்தார். அவள் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து உறையை ஒரு தடவை தடவினாள்.

"வாங்க வர்றவரை நாளைக்கு வரச் சொல்லிட்டேன்," என்றாள்.

"நாளைக்கா?"

"பேசாதீங்க. வரி வருது."

அவர் பேசவில்லை. வாத்தியம் வந்தபோது அவளும் பேசவில்லை. வெயில் சாய்ந்து வாய்க்கால் முழுக்கத் தாமிரம் கரைந்து ஓடியது. நாணல் இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து, பாட்டுக்குத் தகுந்த மாதிரி ஆடியது. நாலாவது பாட்டின்போது அவள் கை அவர் கைமேல் இருந்தது. எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டால் எடுத்துவிடுவாளோ என்று கேட்கவும் இல்லை.

மெக்கானிக் வந்ததுகூட அவருக்குக் கனவில் வந்ததுபோல் இருந்தது. மெக்கானிக் முன்மூடியைத் தூக்கினார், படுத்துப் பார்த்தார், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"உள்ள இருக்கிற ஒயரை எல்லாம் யார் சார் பிடுங்கினது?"

"தெரிஞ்சவர்தான்."

"இஞ்சினையே இறக்கணும் சார். மனசு விட்டுச் சொல்றேன், யாராவது வாங்க வந்தா, இருக்கிற நிலையில கொடுத்துட்டு நிம்மதியா இருங்க."

கடைக்காரர் வண்டியிலிருந்து இறங்கி நேராக நின்றார். பதினோரு நாளாகச் சொல்ல நினைத்தது, சேற்றில் நிற்கும்போது எளிதாக வந்தது.

"விக்கிற பேச்சே இல்ல. எவ்வளவு செலவானாலும் சரி பண்ணுங்க. இவங்க எனக்காகப் பாட்டுப் பெட்டியைச் சரி பண்ணிக் கொடுத்த வண்டி இது."

மெக்கானிக் அவளைப் பார்த்தார். அவள் கடைசிப் பாட்டு முழுதாக அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"விக்கவும் முடியாதுங்க, இது நம்ம வண்டியே இல்ல. ஏறி உக்காந்தப்பவே தெரிஞ்சுது, பாட்டு முடியட்டும்னுதான் இருந்தேன்."