தொட்டி வண்டியின் பெல்ட்டும் ஆறு மா சம்பாவும்

கீழவாய்க்கரை,
14.12.2008

மதிப்பும் பாசமும் நிறைந்த மாப்பிள்ளை செல்லதுரை அவர்களுக்கு, மாமனார் மருதையன் எழுதிக்கொள்வது. தாங்களும் ஆனந்தவல்லியும் மஸ்கட்டில் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரமாட்டேன் என்கிறது. உங்கள் மாமியாருக்குக் காய்ச்சல், எனக்கு இடுப்பு, நிலத்துக்கு முடிவுகாலம். போனில் சொன்னால் ஆனந்தவல்லி அழும், ஆகவே கடிதம்.

நம்முடைய ஆறு மா நிலத்து விவகாரம் நீங்கள் அறிந்ததுதான். மிராசுதார் கோவிந்தராசு வீட்டில் என் அப்பா பண்ணையாளாகக் கிடந்து, சட்டம் வந்த பிறகு குத்தகைதாரர் என்று பதிவேட்டில் பெயர் ஏறிய நிலம். முப்பத்தாறு வருஷம் ஆகிறது, இன்னும் அந்தக் குடும்பத்துக்கு அது தொண்டையில் சிக்கிய முள். ‘நிலம் தரிசாகக் கிடக்கிறது, மருதையன் பயிரே வைப்பதில்லை, குத்தகையை ரத்து செய்யணும்’ என்று கோவிந்தராசு மனுப் போட்டார். தாசில்தார் ஆபீஸிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதான் ஆர்.ஐ., குஞ்சிதபாதம் சார் வந்து நேரில் பார்த்து எழுத வேண்டும் என்று உத்தரவு. அந்த நேரம் பார்த்துத்தானா புயல் வரணும்? வடிகாலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நிலத்துக்குப் போக வழியே இல்லாமல் பத்து நாள் ஒரே வெள்ளம். ஆனாலும் தண்ணீர் வடிய வடிய சம்பா தலையை நீட்டிவிட்டது மாப்பிள்ளை. பாதிக்கு மேல் தப்பித்துவிட்டது. அதை ஆர்.ஐ. ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும், வழக்கு முடிந்தது.

அதற்குத்தான் நீங்கள் வாங்கிக் கொடுத்த வண்டி இருக்கிறதே என்று நம்பினேன். சுனாமி நிவாரணத்துக்கு எந்த நாட்டுக்காரனோ கொண்டுவந்து விட்டுப்போன எட்டுச் சக்கர வண்டி, தரையிலும் ஓடும், தண்ணீரிலும் மிதக்கும் என்று சொல்லி, அதிராம்பட்டினம் உங்கள் சிநேகிதர் அஹமது கபீர் மூலமாக அனுப்பி வைத்தீர்கள். ஊரில் இதற்குத் தொட்டி வண்டி என்று பெயர். மாட்டுக்குத் தவிடு கரைக்க ஆகுமா என்று கேட்காத ஆள் இல்லை.

போன வாரம் கிளப்பினேன். இன்ஜின் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்துகிறது, வண்டி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ரப்பர் கருகுகிற வாசனை. உங்களுக்குப் போன் போட்டேன். ‘மூடியைக் கழற்றுங்க மாமா, பெல்ட் பளபளன்னு இருக்கா பாருங்க’ என்றீர்கள். கழற்றினேன். கண்ணாடி மாதிரி பளபளத்தது. நல்ல சாமான் என்று சந்தோஷப்பட்டேன். ‘அதுதான் மாமா கோளாறு, வழுக்கி வழுக்கித் தேய்ஞ்சிருக்கு’ என்றீர்கள். உள்ளே ஒரு சொம்பு தண்ணீரும் ஒரு தவளையும் இருந்தன. ‘துடைச்சுக் காய வைங்க, உப்புத்தாளால லேசாத் தேய்ங்க, ரெண்டு புல்லியும் விரிஞ்சு சுருங்குதான்னு பாருங்க. மெதுவா ஓடுறப்ப முன் புல்லி விரிஞ்சு பெல்ட்டை விட்டுடணும், அதுதான் இந்த வண்டிக்குக் கிளட்சு. எண்ணெய் மட்டும் ஆகவே ஆகாது’ என்று படித்துப் படித்துச் சொன்னீர்கள். நானும் தலையை ஆட்டினேன். போனில் தெரிந்திருக்காது.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் சாரங்கபாணி. ரைஸ் மில்லில் முப்பது வருஷம் பெல்ட் ஓட்டின ஃபிட்டர். உள்ளே எட்டிப் பார்த்து ஒரு சிரிப்பு.

“ஏங்க மருதையன், பெல்ட் வழுக்குனா குங்கிலியம் போடணும், பிசின் மாதிரி கப்புன்னு புடிச்சுக்கும். இதுக்குப் போயி மஸ்கட்டுக்குப் போன் போடுவாங்களா?”

“மாப்பிள்ளை எண்ணெய் ஆகாதுன்னாருங்க.”

“அவரு படிச்சவரு. நான் நெல்லு அரைச்சவன். தள்ளுங்க.”

விளக்கெண்ணெயில் குங்கிலியத்தைக் காய்ச்சி, பெல்ட்டுக்கும் புல்லிக்கும் பாயசம் வார்க்கிற மாதிரி வார்த்தார். வண்டி இழுத்தது பாருங்கள், ஐயோ! நானும் அவர் கையைப் பிடித்துக் கும்பிட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

வியாழக்கிழமை காலையில் ஆர்.ஐ. வந்தார். பேண்டைச் சுருட்டிக்கொண்டு, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார். வடிகாலை அழகாகத் தாண்டினோம். “பரவாயில்லையே, பயிர் நல்லாத்தான் தெரியுது” என்று அவர் வாயாலேயே சொன்னார் மாப்பிள்ளை! இறக்கிவிடலாம் என்று வேகத்தைக் குறைத்தேன். வண்டி நிற்கவில்லை. குங்கிலியம் ஆறி இறுகி, பெல்ட் புல்லியோடு ஒட்டிக்கொண்டது, விடமாட்டேன் என்கிறது. ரெண்டு நெம்புகோலையும் சேர்த்து இழுத்தால்தான் பிரேக். சார் பயந்துபோய் என் வலது கையை ரெண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். சாவியும் அந்தப் பக்கம். இடது கோலை மட்டும் இழுத்தேன், வண்டி அப்படியே வட்டம் அடிக்க ஆரம்பிச்சுட்டுது. “நிறுத்துய்யா, எனக்குப் பொண்ணு கல்யாணம் இருக்குய்யா”ன்னு அவரு கத்துறாரு, “கைய விடுங்க சார்”னு நான் கத்துறேன். வரப்பு மேல ஏறுது, இறங்குது, மறுபடி சுத்துது, எட்டுச் சக்கரமும் சேத்துல முங்கி, தப்பிச்ச பயிரு எல்லாம் அடியில போவுது. கோவிந்தராசு அக்கரையில குடையைப் புடிச்சுக்கிட்டு நின்னு பாக்குறாரு. பட்டுன்னு பெல்ட் அந்து போச்சு, அப்பத்தான் நின்னுச்சு. இறங்கிப் பார்த்தா ஆறு மாவுல ஒரு பச்சை இல்ல மாப்பிள்ளை. வெள்ளம் விட்டுவச்சதை நான் அழிச்சேன்.

ஆர்.ஐ. ஃபைலைத் தலையில் வைத்துக்கொண்டு வடிகாலுக்குள் இறங்கினார். மார்பளவுத் தண்ணீரில் நடந்தே கரையேறி, ஃபைலைப் பிரித்து ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். பயிர் இல்லை என்றுதான் எழுதியிருப்பார். வேறு எதை எழுதுவார், பாவம்? என் அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? உடனே கபீர் அவர்களிடம் சொல்லி இந்த வண்டியை எங்கேயாவது எடுத்துப்போகச் செய்யவும். இனி நான் அதன் முகத்தில் விழிப்பதாக இல்லை.

ஆனந்தவல்லியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். நீங்கள் இருவரும் குறையில்லாமல் பிழைத்திருக்க, இல்லாதவனின் ஆசிகள்.

இப்படிக்கு,
மருதையன்

பி.கு. (15.12.2008): உறையை ஒட்டித் தபாலாபீஸுக்குப் போகிற வழியில் வக்கீல் குமாஸ்தா பிடித்துக்கொண்டார், ஆகவே பிரித்து எழுதுகிறேன். மேலே உள்ளதை மறந்துவிடவும். ஆர்.ஐ. அறிக்கையின் நகல் வந்துவிட்டது. ‘வெள்ளத்தில் பாதித்த சம்பாவை மடக்கி உழுது, மறு நடவுக்காகக் குத்தகைதாரர் சொந்த இயந்திரத்தில் சேற்றுழவு செய்துகொண்டிருந்தார். நேரில் கண்டேன். நிலம் தரிசு அல்ல’ என்று எழுதியிருக்கிறார். வட்டமடித்த வண்டியில் உட்கார்ந்து அலறினேன் என்று எந்த அதிகாரிதான் எழுதுவார்? மனு தள்ளுபடியாகிவிடும் என்கிறார் வக்கீல். உங்கள் மாமியார் காளியம்மாள் ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, உள்ளே போய் அழுதுவிட்டு வந்தாள். வண்டி இங்கேயே இருக்கட்டும், புது பெல்ட் ஒன்று அனுப்பவும். ஆறு மாவும் நம்ம கையிலதான் இருக்கு மாப்பிள்ளை. நடுறதுக்குத்தான் ஒரு பிடி நாத்து இல்லை.