மாடு வாங்க வந்தவரும் மானிடவியல் படித்தவளும்

மரியாதைக்குரிய மச்சான் தனசேகர் அவர்களுக்கு, நாமக்கல் பரமத்தி ரோட்டிலிருந்து சண்முகவேல் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கு உங்கள் தங்கச்சி செல்லியம்மாளும் கறவை மாடும் நலம். நான் நலமில்லை. செவ்வாய்ப்பேட்டையில் உங்கள் மளிகை மண்டியையும் மிளகாய் மூட்டைகளையும் முறைப்படி விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும். போனில் சொல்லலாம்தான். ஆனால் பேச ஆரம்பித்தால் உங்கள் மருமகள் தமிழினி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏனுங்கப்பா, மாமாகிட்டப் பேசறப்ப மட்டும் எந்திரிச்சு நின்னுக்கறீங்க?" என்று கேட்கிறாள்.

அவள் மானிடவியல் சேர்ந்தபோதே "படிச்சுட்டு எங்க போயி உக்காருவா?" என்று கேட்டீர்கள். அம்மாசி டீக்கடை பெஞ்சில் உட்காருகிறாள் மச்சான். அதற்கு லாரி சீட் செய்யும் கம்பெனி ஒன்று சம்பளமும் கொடுக்கிறது. அவர்கள் போட்ட புது சீட்டை டிரைவர்கள் கழற்றி எறிந்துவிட்டுப் பழையதையே மாட்டிக்கொள்கிறார்களாம், ஏன் என்று தெரியவில்லையாம். இவள் டிரைவர்களோடு டீ குடித்து, ஊர்க்கதை பேசி, லாரியில் ஏறி ஓசூர் வரை போய்வந்து, "அவுங்க சம்மணம் போட்டுத்தான் சாப்பிடறாங்க, சீட்டோட ஓரத் திண்டு முட்டியில இடிக்குது" என்று எழுதிக்கொடுத்தாள். கம்பெனிக்காரன் திண்டை வெட்டிவிட்டு, இவள் சம்பளத்தை ஏற்றிவிட்டான். இந்த உத்தியோகத்தை எந்தச் சம்பந்தி வீட்டில், என்ன பெயர் வைத்துச் சொல்வேன்?

ஆகவே நீங்கள் பார்த்துக்கொடுத்த திருச்செங்கோட்டுக்காரர்களிடம் பெண் பேங்க் ஆபீசர் என்று சொல்லிவைத்தேன். விசாரிக்க ஆள் வரும், மாடு வாங்குகிற மாதிரி வரும் என்பது தெரிந்ததுதானே. உங்கள் தங்கச்சியை விசாரிக்க எங்கப்பா ஆட்டுக்குட்டி வாங்கத்தானே வந்தார்? அம்மாசியைக் கூப்பிட்டு, "யாரு கேட்டாலும் தங்கமான பொண்ணு, பேங்க் ஆபீசருன்னு சொல்லோணும்" என்று பழக்கியும் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் பெரியப்பா பெரியசாமி மாடு வாங்குகிற சாக்கில் வந்தார். ஆள் நேராக எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் அம்மாசி கடைக்குப் போயிருக்கிறார். அம்மாசி வடை எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து, பெஞ்சில் ஹெல்மெட்டோடு இருந்த பிள்ளையிடம், "ஏஞ்சாமி, சண்முகவேல் ஊட்டுப் பொண்ணு எப்படி?" என்று கேட்டிருக்கிறார். போட்டோவில் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாகப் பார்த்தவளை ஜீன்ஸில் எப்படி அடையாளம் தெரியும்?

"அவ பேங்க்ல எல்லாம் இல்லீங்க. டீக்கடையில உக்காந்து ஆளுங்கள விசாரிக்கறதுதான் அவ வேலை. அது நாந்தானுங்க" என்று சொல்லிவிட்டாள் மச்சான்! சொன்னதோடு விட்டாளா? "நீங்களும் விசாரிக்கத்தான வந்தீங்க? மாடு வாங்கறவரு மாட்டப் பாக்காம ஊட்டையே பாத்துட்டு இருக்கீங்க" என்று இன்னொரு டீ சொன்னாளாம். அவ்வளவுதான், மனுஷன் மடை திறந்துவிட்டார். பெங்களூரில் பெரிய கம்பெனி என்றார்களே அந்தப் பையன், வேலையை விட்டுவிட்டு ஜேடர்பாளையம் அணைக்கட்டில் மீன் வறுத்துக்கொண்டிருக்கிறானாம்! ஆளுக்கு ஆள் எத்தனை பொய்! நான் சொன்னதாவது ஒரு கௌரவமான பொய். அம்மாசி வடையோடு வந்து, "தங்கமான பொண்ணுங்க, பேங்க் ஆபீசருங்க" என்றானாம், அவளை வைத்துக்கொண்டே. பெரியசாமிக்கு வெட்கம் தாங்காமல், வந்த சாக்கை மெய்யாக்க அம்மாசியின் மாட்டையே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு மானம் போகிறது. ஒத்தைப் பெண்ணை மீன் சட்டிக்காரனுக்கா கொடுப்பது? ஞாயிற்றுக்கிழமை தாய்மாமனாக நீங்கள் வந்து, சம்பந்தத்தை முறித்து, அவளை அதட்டி, பேங்க் பரீட்சைக் கோச்சிங்கில் சேர்த்துவிட வேண்டும். உங்களுக்குத்தான் கட்டுப்படுவாள்.

அக்காவுக்கு என் கும்பிடு. பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், இந்த மாதிரிப் படிப்பு எதுவும் படிக்காமல்.

இப்படிக்கு,
நிம்மதியில்லாத
சண்முகவேல்

பின்குறிப்பு: இதை எழுதி மடித்துவைத்திருந்தேன், தமிழினி நேற்று ஜேடர்பாளையம் போய் அந்தப் பையன் கடையில் பொழுது சாயும் வரை உட்கார்ந்து விசாரித்துவிட்டு, ஒரு பொட்டலத்தோடும் ஒரு மாதிரிச் சிரிப்போடும் வந்தாள். "பையன் பொய் சொல்லலீங்கப்பா. கேட்ட எல்லாத்துக்கும் பதில் சொன்னான், நடுவுல ஒரு மீனுகூடக் கருகல" என்றாள். மீனைத் தின்று பார்த்தேன். சம்பந்தத்தை முறிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வரும்போது மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வரவும். பத்திரிகை அடிக்கும்போது மணமகள் பெயருக்குக் கீழே மானிடவியல் என்றே போடச் சொல்லுங்கள், கொஞ்சம் பெரிய எழுத்தாக. யாராவது அப்படி என்றால் என்னவென்று கேட்டால் என்னிடம் அனுப்புங்கள், எந்திரிச்சு நின்னு சொல்லுகிறேன்.