சோடாவுக்கு வந்த ஸ்ட்ரெஸ்

செல் சித்தர் சதாசிவன் பாறசாலையில் வந்து இறங்கினாலும் இறங்கினார், ஊருக்கே ஸ்ட்ரெஸ் வந்துவிட்டது. அதுவரை மழை, மருமகள், முட்டுவலி என்று தனித்தனியாகக் கஷ்டப்பட்டவர்கள் இப்போது ஒரே பெயரில் கஷ்டப்பட்டார்கள். ஒற்றசேகரமங்கலத்திலிருந்து ஜீப்பு, திருப்புறத்திலிருந்து கிறிஸ்தவச் சபைக்காரர்களின் வேன். கோவிலுக்கும் சபைக்கும் வேறு வேறு வழி. ஏமாறுவதற்கு மட்டும் ஒரே வரிசை.

உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆர்.என்.ஏ. என்னும் சீட்டுகள் ஓடுகின்றன, இன்னதைச் சமைக்கவும் என்று அடுக்களைக்கு உத்தரவு கொண்டுபோகின்றன, ஸ்ட்ரெஸ் வந்தால் சமையல் நின்று சீட்டெல்லாம் கட்டியாகிவிடும் என்றார் சித்தர். அதுவரை உண்மை. அந்தக் கட்டி தன் மந்திரத்துக்குத்தான் கரையும் என்றாரே, அதுதான் சரக்கு.

அத்தாட்சியும் வைத்திருந்தார். கிளாஸில் தெளிந்த தீர்த்தம். குழல் வைத்து ஊதினால் பாலாக வெளுக்கும். அதுதான் கட்டியாம். சித்தர் முணுமுணுத்து நாலு சொட்டு விட்டால் பளிங்காகிவிடும்.

ரப்பர் வெட்டுகிற நேசையன் இதில்தான் விழுந்தார். ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றிக் கட்டியாக்குவதே அவர் பிழைப்பு. கட்டியானது திரும்பக் கரைந்ததை அவர் கண்டதில்லை. இது தெய்வம்தான் என்று மனைவி சுகிர்தபாயையும் கூட்டிவந்தார். பிரஷர் மாத்திரை தின்றால் கட்டி இறுகும் என்றார் சித்தர். மாத்திரை நின்றது. சில நாளில், மீன் கழுவிக்கொண்டிருந்த சுகிர்தபாய் அப்படியே சரிந்தாள்.

நேசையன் ஓடியது ஆஸ்பத்திரிக்கு அல்ல, சித்தரின் தீர்த்தத்துக்கு. பக்கத்து வீட்டுப் பிரசீதா, நெய்யாற்றின்கரையில் ரத்தம் பார்க்கும் லேபில் வேலை செய்பவள், சுகிர்தபாயை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நேசையன் பின்னாலேயே வந்தாள். வழியில் ஒரு சோடா வாங்கிக்கொண்டாள்.

அவள் குழலைத் தொடவில்லை. கிளாஸில் சோடாவைக் கொஞ்சம் ஊற்றினாள். தீர்த்தம் வெளுத்தது.

"சாமி, இந்த சோடாவுக்கு என்ன ஸ்ட்ரெஸ்? வீட்டுல பிரச்சினை உண்டோ?"

வரிசை சிரித்தது. பாவம் செய்த கை பட்ட சோடா என்றார் சித்தர். பிரசீதா மேலும் மேலும் ஊற்றினாள். மந்திரமும் இல்லை, சொட்டும் இல்லை. வெளுத்தது தானே தெளிந்தது.

தீர்த்தம் வெற்றிலைச் சுண்ணாம்பின் தெளிநீர், சொட்டு அடுக்களை வினிகர், மூச்சிலும் சோடாவிலும் உள்ள காற்று ஒன்றே, அது கொஞ்சம் பட்டால் வெளுக்கும், மிஞ்சினால் தெளியும் என்று அவள் விளக்கினாள்.

"அப்பம் செல்லுக்க உள்ள இருக்க கட்டி, மக்கா?" என்றார் நேசையன்.

"கஷ்டம் வந்தா செல்லு சீட்டச் சேத்து வைக்கும். கஷ்டம் போனா தானே அவுத்து, வேண்டியத எடுக்கும், வேண்டாதத கிழிக்கும். அதுக்குச் சாமி எதுக்கு மாமா? மாமிக்கு மாத்திரையாக்கும் வேணும்."

நேசையன் புதுக் கிளாஸை எடுத்துச் சித்தரிடம் நீட்டினார்.

"நீரு ஒண்ணு ஊதும், பாப்போம்."

சித்தர் வழியில்லாமல் ஊதினார். யாருடையதையும்விட வெள்ளையாக வெளுத்தது. கட்டியைக் கரைக்க நிற்காமல் பஸ் ஏறினார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுகிர்தபாய் மாத்திரையை விழுங்கிவிட்டு, "எலே மனுசா, ஒனக்கு மூள உண்டா?" என்றாள்.

உண்டு. எல்லாருக்கும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத செல்லுகூட ஆபத்து நீங்கியதும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. சாமியைக் கண்டதும் நிறுத்தின மூளையை நாம் எப்போது தொடங்கப்போகிறோம்?